முள்ளம்பன்றி முள் பதித்த தையல் பெட்டி: பாளையங்கோட்டை வீடு ஒன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையில் பழைய கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் வீட்டில் இருக்கும் தையல் பெட்டியைப் பற்றியது இந்த ஆய்வு. வீட்டை விற்றுப் பங்கு பிரிக்கும் நேரத்தில் பெட்டி யாருக்கு என்ற பேச்சு எழுந்திருக்கிறது. வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, ஒரு விலையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெட்டி மட்டும் போதும், உள்ளே இருப்பதைத் தட்டிவிட்டுத் துடைத்து வையுங்கள் என்பது அவர் போட்ட நிபந்தனை.

வீட்டின் மூத்தவரான ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. "குப்பையத் தூரப் போட்டுருங்கன்னு சொல்லிட்டுப் போறாரு தம்பி. எங்க ஆச்சி கைபட்ட சாமானு. எனக்கு மனசு வரல" என்றார். பெட்டி எங்கே செய்தது, எவ்வளவு பழையது, விற்கலாமா என்ற மூன்று கேள்விகளோடு அவருடைய பேரன் என்னை அழைத்தார். மூன்றுக்கும் விடை கிடைத்தது. ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் குப்பைதான்.

வெளிப்புறம்

பெட்டியின் சட்டம் கருங்காலி. நீள்சதுர உடல், நான்கு உருண்டைப் பாதங்கள், நடுவில் மேடிட்டு ஓரங்களில் சரியும் மூடி. மூடியையும் நான்கு பக்கங்களையும் முள்ளம்பன்றி முட்கள் போர்த்தியிருக்கின்றன. ஒரே பருமனுள்ள முட்களாகத் தேர்ந்து, நெருக்கமாக அடுக்கி, கருங்காலிச் சட்டங்களுக்கு இடையே ஒட்டியிருக்கிறார்கள். முள்ளின் வெள்ளையும் பழுப்பும் மாறிமாறி வருவதால் பெட்டி முழுக்க இயற்கையாகவே ஒரு வரிக்கோலம் விழுந்திருக்கிறது. சட்டங்களின் மேல் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. மூடியின் உட்புறத்தில் பல நிற மரத்துண்டுகளைக் கதிர்போல் விரித்து இழைத்திருக்கிறார்கள். பலாமரத்தின் மஞ்சளும் முதிரையின் பொன்னிறமும் தனியாகத் தெரிகின்றன.

குடும்பத்தில் இதற்கு லண்டன் பெட்டி என்று பெயர். மிஷனெரி அம்மா ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாகப் பேச்சு. பெட்டியில் லண்டனுக்கு உரிய அடையாளம் எதுவும் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் முள் பதித்த பெட்டிகளுக்குப் பேர்போன ஊர்கள் நம் பக்கத்தில் இரண்டு: விசாகப்பட்டினம், இலங்கையின் காலி. இரண்டையும் பிரித்துச் சொல்வது பெரிய வித்தை இல்லை. விசாகப்பட்டினப் பெட்டி பெரும்பாலும் சந்தனக்கட்டையில் எழும்பியது. திறந்தவுடன் மூக்குக்கே தெரிந்துவிடும். முட்களுக்கு இடையே கொம்பில் செய்த சட்டங்கள் ஓடும், மேலே தந்தத்தில் வலைப்பின்னல் வேலை இருக்கும். காலிப் பெட்டியில் கருங்காலிச் சட்டமும் வெள்ளைப் புள்ளி வரிசையும் மூடிக்குள் பலமர இழைப்பும் சேர்ந்து வரும். பாளையங்கோட்டைப் பெட்டியில் இந்த மூன்றும் இருக்கின்றன. ஆகவே இது காலி வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

காலத்துக்குக் கீல்கள் சாட்சி சொன்னன. ஒரு திருகாணி ஏற்கெனவே தளர்ந்திருந்ததால் அதை மட்டும் கழற்றிப் பார்க்க முடிந்தது. முனை கூர்மையானது, புரி ஒரே சீரானது, இயந்திரத்தில் வெட்டியது. இந்த வகைத் திருகாணி 1840-களின் கடைசியில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தையவை முனை மழுங்கியவை. இன்னொரு பக்கம், கிழக்கே போகும் கப்பல்கள் நின்று நிலக்கரி ஏற்றிய துறைமுகமாகக் காலி இருந்தவரைதான் இந்தப் பெட்டி வியாபாரம் செழித்தது. கப்பல் நிற்கும் நேரத்தில் இரத்தினக் கல்லும் ஆமையோட்டுச் சீப்பும் முள் பெட்டியும் பயணிகளிடம் விலைபோயின. கொழும்பில் 1875-ல் அலைதாங்கிச் சுவர் கட்டத் தொடங்கியபின், கப்பல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே மாறின. 1850-க்கும் 1880-க்கும் இடையில் செய்தது என்பது என் கணிப்பு.

காலியிலிருந்து பாளையங்கோட்டைக்கு

மிஷனெரி அம்மா கொடுத்தார் என்பதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அதைவிட நேரான வழி ஒன்று அந்த வீட்டு வேதாகமத்திலேயே இருந்தது. முன்தாளில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் எல்லாம் எழுதி வைப்பது திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவக் குடும்பங்களின் பழக்கம். அந்தத் தாளில், 1870-களில் பிறந்த ஒரு பிள்ளைக்குக் கண்டியில் ஞானஸ்நானம் நடந்ததாகக் குறிப்பு இருக்கிறது. தகப்பன் பெயருக்கு முன்னால் 'உபதேசியார்', அதாவது சபையில் வேதம் போதிக்கும் ஊழியர், என்று எழுதியிருக்கிறது.

இலங்கைக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்காக 1850-களின் நடுவில் தொடங்கிய ஊழியத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் போனார்கள். 1869-ல் இலைத்துரு நோய் தென்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. அந்தக் காலத்தில் ஊருக்குத் திரும்பிய குடும்பங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தோணியும் கப்பலும் ஓயாமல் போய்வந்த கடல் அது. மனைவிக்கென்று வாங்கிய காலிப் பெட்டி அந்த வழியில் வந்தது என்று கொள்ள லண்டன் கதையைவிட அதிக நியாயம் இருக்கிறது. ஆச்சியிடம் சொன்னபோது, "அப்ப எங்க தாத்தா வாங்கினதா? அப்படின்னா இன்னும் நல்லதாப் போச்சு" என்றார்.

பெட்டியைச் சேர்த்தவர்கள்

இந்த வகைப் பெட்டிகள் எப்படிச் சேகரிப்புப் பொருளாயின என்பதைத் தெரிந்துகொண்டால்தான் வியாபாரியின் நிபந்தனை புரியும்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தையல் பெட்டி வசதியான வீட்டுப் பெண்ணின் மேசை அலங்காரமாயிற்று. விசாகப்பட்டினத்தில் சந்தன மரத்தின்மேல் தந்தத் தகடு ஒட்டி, அதில் கோடு கீறி, கோட்டுக்குள் கருப்பு அரக்கு நிரப்பிச் சிறு பங்களா வடிவிலேயே பெட்டி செய்தார்கள், கூரைதான் மூடி. பம்பாயில் தந்தம், கொம்பு, மரம், ஈயக்கலவை ஆகியவற்றின் மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்து ஒட்டி, குறுக்கே சீவி, அந்தச் சீவல்களால் நட்சத்திரக் கோலம் பதித்தார்கள். பாரசீகத்திலிருந்து சிந்து, சூரத் வழியாக வந்த கைவேலை அது. ஏறத்தாழ அதே உத்தியில், மரக்குச்சிகளை மட்டும் வைத்து, இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸில் வேலை நடந்தது. சீனத்துக் கான்டனிலிருந்து அரக்குப் பூச்சுப் பெட்டிகள் தந்தக் கருவிகளோடு போயின. பாரிஸில் பாலே ராயல் கடைகளில் முத்துச்சிப்பிக் கைப்பிடி வைத்த கத்தரியும், ஊசி குத்தாமல் விரல் நுனியில் மாட்டும் விரலுறையும் சிறு பெட்டியில் பொருந்தி வந்தன.

நூலும் பெட்டியின் வயிற்றை மாற்றியது. முதலில் நூல் கட்டையில் சுற்றாமல் சிட்டமாக, அதாவது வளையமாகச் சுருட்டிய கட்டாக, வரும். வாங்கிய பெண் அதை முத்துச்சிப்பியிலோ எலும்பிலோ செய்த சிறு சுற்றுத்தகட்டில் சுற்றிக்கொள்வாள். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் கிளார்க் குடும்பம் மரக்கட்டையில் பருத்தி நூலைச் சுற்றி விற்கத் தொடங்கியபின், பெட்டிக்குள் கட்டையைச் செருகும் குச்சிகள் வந்தன. அதே பெய்ஸ்லியில் 1826-ல் ஆலை வைத்த கோட்ஸ் குடும்பம் 1896-ல் கிளார்க்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்த நிறுவனம் பின்னாளில் நம் ஊருக்கே வந்ததைப் பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணியின் நீர்வீழ்ச்சியை நம்பி அங்கே ஆலை வைத்தார்கள். அந்த ஹார்வி ஆலைகள் மதுரா மில்ஸாகி, 1974-ல் மதுரா கோட்ஸ் ஆயின.

தையல் இயந்திரம் பரவியதும் கைப்பெட்டியின் வேலை குறைந்தது. வேலை குறைந்த பொருளின் மேல் சேகரிப்பவர்களின் கண் விழுந்தது. தையல் கருவிகளுக்கென்றே 1928-ல் நியூயார்க்கில் கெர்ட்ரூட் வைட்டிங்கும், 1966-ல் இங்கிலாந்தில் சில்வியா குரோவ்ஸும் எழுதிய பெரிய நூல்கள் வந்தன. அமெரிக்காவின் சேலம் நகரத்து பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகமும் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் விசாகப்பட்டினப் பெட்டிகளைப் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன. அந்தப் படிப்பால் நமக்குக் கிடைத்தது நிறைய. மேலே நான் சொன்ன அடையாளங்களும் அப்படிச் சேர்த்து, ஒப்பிட்டு, எழுதி வைத்தவர்களால் தெரிந்தவைதான்.

ஆனால் சந்தையில் ஒரு பழக்கம் நிலைத்துவிட்டது. பெட்டிக்கு விலை அதன் முழுமையைப் பொறுத்தது. ஒரு விரலுறை குறைந்தால் வேறொரு பெட்டியிலிருந்து எடுத்து நிரப்புவார்கள். பொருந்தாத சாமானை வெளியே எடுப்பார்கள். விரலுறை ஒருவரிடம், ரேந்தை (லேஸ்) பின்னும் கட்டைகள் இன்னொருவரிடம், பெட்டி மூன்றாமவரிடம் போய்ச் சேரும். கடைசியில் கண்ணாடிக்குள் நிற்பது அழகான பெட்டி. அதை வைத்து யார் என்ன செய்தார்கள் என்று அதற்குத் தெரியாது. இதை நான் நஷ்டம் என்றே சொல்வேன், அதுவும் பெண்களின் உழைப்புக்கு வேறு ஆவணம் மிகக் குறைவாக இருக்கும் நம் சீமையில்.

உள்ளே இருந்தவை

பெட்டிக்குள் ஒரு தட்டு. தட்டில் சிறு அறைகள், சிலவற்றுக்குத் தனி மூடி. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே வெள்ளைத் துணியில் பரப்பி, படம் பிடித்து எண் போட்டோம். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மேலடுக்கில் சட்டைக் கொக்கிகள், பிளாஸ்டிக் பொத்தான்கள், தையல் இயந்திர ஊசிகள், இரும்பு பாபின். இவை ஆச்சியும் அவருடைய அம்மாவும் போட்டவை. அதற்குக் கீழே மரநூல்கட்டைகள். ஒன்றில் கோட்ஸ் காகித முத்திரை பாதி ஒட்டியிருக்கிறது. பள்ளம் விழுந்து பள்ளம் விழுந்து கறுத்த தேன்மெழுகுக் கட்டி ஒன்று. நூல் ஓடிய தடங்கள் அதில் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. பித்தளை விரலுறையின் நுனியில் ஓட்டை.

தட்டைத் தூக்கியதும் வேறு உலகம். கீழ்த்தளத்தில் இருந்த மரத்தடுப்பு ஒன்றைக் கத்தியால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். வெட்டு ஒழுங்காக இல்லை, ஆனால் துணிவாக இருக்கிறது. வியாபாரியின் கணக்கில் இது சேதம். அதற்கென விலையைக் குறைத்ததாகப் பேரன் சொன்னார். ஏன் வெட்டினார்கள் என்பது அந்த இடத்தில் கிடந்த பொருளிலேயே இருந்தது: ஒரு சாண் நீளமும் இல்லாத கடைந்த மரக்கட்டைகள், கழுத்தில் இன்னும் நூல் சுற்றியபடி. ரேந்தைக் கட்டைகள். அலங்காரத் தையலுக்கென்று அளந்து செய்த அறையில் இவை நீளவாக்கில் அடங்காது. தடுப்பை எடுத்தால் அடங்கும்.

கட்டைகளின் தலையில் சிவப்பும் மஞ்சளுமாக அரக்கு வளையங்கள். கடைசலில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வுச் சூட்டில் உருகவிட்டு, தாழை மடலால் மெருகேற்றும் வேலை அது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் கடைகிற கைதான் இவற்றையும் கடைந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். காலியில் செய்த பெட்டிக்குள், பெய்ஸ்லி நூலோடு, நம் ஊர்க் கடைசல் கட்டை.

கட்டைகளுக்கு அடியில் மடித்த தடித்த தாள்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான ஊசித்துளைகள். ரேந்தைத் தலையணையின் மேல் இந்தத் தாளை விரித்து, துளைக்கொரு குண்டூசி குத்தி, ஊசிகளைச் சுற்றிக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டால் நூல் பின்னிக்கொண்டு வரும். குண்டூசிகள் பித்தளை, இரும்பானால் துருப்பிடித்து வெள்ளை நூலைக் கெடுக்கும். தாளில் ஒரே துளையை அடிக்கடி பயன்படுத்திய இடங்களில் ஓட்டை பெரிதாகி, பின்புறம் துணி ஒட்டித் தாங்கு கொடுத்திருக்கிறார்கள். ஒரு தாளில் திராட்சைக் கொடி, இன்னொன்றில் வெறும் வலையும் விளிம்பும்.

அந்த விளிம்புத் தாளைத் திருப்பியபோதுதான் கணக்கு தெரிந்தது. பழைய கணக்கேட்டின் தாளை மறுபடி உபயோகித்திருக்கிறார்கள். மூன்று பத்தி: பெண்களின் பெயர், கெஜம், கூலி. கூலி அணாவிலும் பையிலும். சில பெயர்களுக்கு நேரே 'நூல் கொடுத்தது' என்று பென்சிலில் குறிப்பு. எழுத்து ஒரே கையினுடையது, வேதாகமத்தின் முன்தாளில் பிற்காலப் பதிவுகளை எழுதிய அதே கை.

"எங்க ஆச்சி எழுத்துதான் இது. அவ ரேந்த பின்னுவாள்னு தெரியும். கூலி குடுத்து பின்ன வச்சாள்னு யாரும் சொல்லலியே!" என்று ஆச்சி தாளைக் கையில் வாங்கிக்கொண்டார். பெயர்களை விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். இரண்டு பெயரை யார் வீட்டுப் பெண்கள் என்று அவரால் சொல்ல முடிந்தது.

அந்தத் தாள் தனியாக நிற்பது இல்லை. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனெரிகளான மால்ட் தம்பதியரில் மார்த்தா அம்மாள், 1820-களின் தொடக்கத்தில் அங்கே பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம். பின்னி ஈட்டிய பணத்தில் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். மார்த்தாவின் மகள் எலைசா 1844-ல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். கால்டுவெல்லின் பெயரை மொழிக்காக நினைக்கிறோம். தேரிக்காட்டு ஓரத்தில், பனையேறிகளின் குடும்பப் பெண்களைப் பள்ளியில் சேர்த்து ரேந்தைத் தலையணை முன் உட்கார வைத்தது எலைசா அம்மாளின் வேலை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் நாசரேத்தில் மிஷனெரி மர்காஷிஸ் ஐயர் காலத்தில் கைத்தொழில் கல்வி வளர்ந்தது. கற்றுக்கொண்ட பெண்கள் கல்யாணமாகி வேறு ஊர் போகும்போது தொழிலும் கூடவே போயிற்று.

மிஷன் அறிக்கைகளில் இந்த வரலாறு பெரும்பாலும் தொடங்கி வைத்த அம்மாமாரின் பெயரோடு நின்றுவிடும். கற்றவள் தானே நூல் வாங்கி, ஆள் வைத்து, கெஜக் கணக்கில் கூலி கொடுத்து, வீட்டிலிருந்தே வியாபாரம் நடத்தினாள் என்பதற்குக் கையெழுத்துச் சான்று கண்ணில் படுவது அபூர்வம். இங்கே அது ஒரு ரேந்தை மாதிரித்தாளின் முதுகில் இருந்திருக்கிறது. தட்டிவிட்டிருந்தால் போயிருக்கும்.

விற்கலாமா

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைப் புள்ளிகள் தந்தமா எலும்பா என்பது முதல் கேள்வி. இருபது மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் மிகச் சிறிய கறுப்புத் துளைகள் தெரிந்தன. எலும்பில் இரத்தநாளம் ஓடிய தடங்கள் அவை. தந்தத்தில் அவை இருக்காது. ஊசியைச் சுட வைத்துக் குத்திப் பார்க்கும் வழக்கம் கடைகளில் உண்டு. தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். பொருள் கெடும், விடையும் உறுதியாகாது.

தந்தமாக இருந்தால் எவ்வளவு பழையதானாலும் இந்தியாவில் விற்பனை கிடையாது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் அதைத் தடுக்கின்றன. இந்தப் பெட்டியில் தந்தம் இல்லை. ஆனால் முள்ளம்பன்றியும் அதே சட்டத்தின் பட்டியலில் உள்ள விலங்கு. வனத்துறையிடம் எழுதிக் கேட்காமல் கைமாற்றக் கூடாது என்று குடும்பத்துக்குச் சொன்னேன். நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதையும் சொன்னேன். வெளிநாட்டில் வாங்க ஆள் இருக்கிறது என்று வியாபாரி பேசியிருந்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பராமரிப்பும் முடிவும்

முள் என்பது நகம், கொம்பு போன்ற பொருள். கம்பளத்தை அரிக்கும் வண்டு அதையும் அரிக்கும். மூடியின் ஒரு மூலையில் பழைய அரிப்பு இருந்தது, உயிருள்ள பூச்சி இல்லை. மென்தூரிகையால் தூசு தட்டியதோடு நிறுத்தினோம். எண்ணெய், பாலிஷ், ஈரத்துணி எதுவும் படவில்லை; விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பழைய வஜ்ஜிரப் பசை ஈரத்தில் இளகிவிடும். தாள்களில் இராமபாணப் பூச்சி கடித்த தடம் இருந்ததால் அவற்றை அமிலமற்ற காகித உறையில் போட்டோம். மிஞ்சிய ரேந்தைத் துண்டுகளைக் காற்றுப் புகாத பையில் மூடி, பூச்சி முட்டை சாக, உறைநிலைப் பெட்டியில் இரண்டு வாரம் வைத்து எடுத்தார்கள். நாப்தலின் உருண்டை பொருளின் மேல் படவே கூடாது. வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து அலமாரியில் வைப்பதில் குற்றமில்லை. திருநெல்வேலி வெயிலில் கருங்காலி சுருங்கி வெடிக்கும் என்பதால் மாடி அறையிலிருந்து கீழே, வெளிச்சுவர் ஒட்டாத அலமாரிக்கு மாற்றினோம்.

பெட்டியும் உள்ளே இருந்தவையும் பிரியாமல் ஒரே இடத்தில் இருக்கும் என்று குடும்பம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. இப்போதைக்கு ஆச்சியின் மகள் வீட்டில். கணக்குத்தாளின் படத்தை உறவினர் எல்லாருக்கும் அனுப்பியதில், அந்தப் பெயர்களில் இன்னொன்றைச் சாயர்புரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று அடையாளம் சொல்லியிருக்கிறது. அவர்கள் வீட்டிலும் துளையிட்ட தாள்கள் இருக்கின்றனவாம்.

பேரனுக்கு ஒரு ஆசை மிஞ்சியிருந்தது. மூடியில் சில முட்கள் உதிர்ந்துபோயிருக்கின்றன. புது முள் வாங்கி ஒட்டி, வெட்டிய தடுப்புக்குப் பதில் புதுத் தடுப்பும் வைத்தால் பெட்டி முழுமையாகுமே என்று கேட்டார். முள் வாங்குவது சட்டப்படி ஆகாது. தடுப்பு வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை, நான்தான் வேண்டாம் என்றேன். புதுத் தடுப்பு வந்தால் ரேந்தைக் கட்டைகளுக்கு அந்தப் பெட்டியில் இடம் இருக்காது.